குஞ்சுகளுக்குக் கரன்ட்

வயரில் மாமியின் ஈர ஹபாயா காயத் தொங்கியது.

குசினி யன்னலிலிருந்து பின்வளவுக் கொட்டில் வரை அந்த வயரை றுஸ்தி காலையில்தான் இழுத்துக் கட்டியிருந்தான். கரன்ட் இன்னும் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் அவனுக்கு இப்போது மாமி இருந்திருக்க மாட்டாள்.

"மருமகன் புதுசாக் கொடி கட்டித் தந்தீக்கிறார்," என்று மாமி பக்கத்து வீட்டுக்குக் கேட்கச் சொன்னாள். "நல்ல பிள்ளை."

கலியாணம் முடித்த நாள் முதல் றுஸ்தி மனைவி வீட்டில்தான். ஊர் வழக்கம் அது. குறை ஒன்றும் இல்லை, ஹோலைத் தவிர. மாமா ஹோலுக்குள் வந்தால் மருமகன் எழும்ப வேண்டும். மாமா பலீல் ஹாஜியாரோ ஹோலுக்குள் ஓயாமல் வருவார். டிவியில் ஒரு மேட்ச் முடியும்போது பந்து போட்டவனைவிட றுஸ்தி களைத்திருப்பான்.

கொட்டிலில் ஒரு பல்ப், ஒரு பிளக். கால் நீட்டி ஒரு மேட்ச். அவனுக்கு வேண்டியது அவ்வளவுதான். அதை அவன் யாரிடமும் கேட்கவில்லை.

"என்ன மகன் இந்த வயர்?"

மாமா பின்னால் நின்றார்.

றுஸ்தி வாயில் வந்ததைச் சொன்னான். "கோழிக்குஞ்சி வளக்கலாமெண்டு, மாமா. சூட்டுக்கு ஒரு பல்ப்."

மாமா தாடியைத் தடவினார். மறுநாள் ஒரு பெட்டியோடு வந்தார். பெட்டி கீச்சிட்டது.

"நீங்க ஆசைப்பட்டீங்களே."

குஞ்சு வந்துவிட்டால் வேலை முறையாக நடக்க வேண்டும். மாமாவே வயரிங் வேலை செய்யும் ஸப்ரியைக் கூப்பிட்டார்.

"மேலால ஏலா ஹாஜியார்," என்றான் ஸப்ரி, ஹபாயாவைப் பார்த்தபடி. "குழாய்க்குள்ள போட்டு நிலத்தால கொண்டு போகணும். கொட்டிலுக்குத் தனியா ட்ரிப் சுவிட்ச்."

குழாய்க்கு நிலத்தில் கான் வெட்டுவது றுஸ்தியின் தலையில் விழுந்தது. கான் மாமியின் ரம்பைச் செடிப் பாத்தியை நடுவால் பிளந்தது. மாமி அவனோடு பேசுவதை நிறுத்தினாள். பேச இருந்ததை மகள் ஷஸ்னாவிடம் சொன்னாள். ஷஸ்னா அதை இரண்டு மடங்காக்கிக் கணவனிடம் சேர்த்தாள்.

"ஒரு பல்ப் மட்டுமா?" ஸப்ரி கேட்டான்.

"ஃபேனுக்கும் ஒரு பிளக் வைங்க," என்றார் மாமா. "குஞ்சிக்குப் புழுங்கும்."

"சூட்டுக்குப் பல்ப், புழுக்கத்துக்கு ஃபேனா?"

"நீங்க வயரப் பாருங்க தம்பி."

ஷஸ்னா யன்னலால் எட்டிப் பார்த்தாள். "எங்கட ரூமுக்கு ஒரு ஃபேன் கேட்டு நான் எத்தின வருஷம்! கோழியாப் பொறந்தீக்கணும்."

றுஸ்தி நினைத்தான்: தன் மேட்ச் திட்டம் மாமாவுக்கு விளங்கிவிட்டது. வேண்டுமென்றே விளையாடுகிறார்.

"மாமா, குஞ்செல்லாம் ஆருக்காவது குடுத்திருவமே?"

"வாயில்லாத உசிரு மகன். அமானிதம், எங்கட பொறுப்பு."

அடுத்து கொட்டிலுக்குள் சாய்மனைக் கதிரை ஒன்று போனது. "குஞ்சிக்குச் சுகமில்லாட்டி ஆராவது பக்கத்துல ஈக்க வேணுமே."

அதற்கடுத்து மின்கேத்தல். "குஞ்சிக்குச் சுடுதண்ணி."

பழைய கேத்தல் அது, கரன்ட் கசியும். மாமா அதைப் பிளக்கில் போட்டதும், கொட்டில் சுவிட்சைத் தாண்டி வீட்டு மெயினே விழுந்தது. குசினியில் மாமியின் மிக்சி நின்றது. மாமி அகப்பையோடு வெளியே வந்தாள்.

"ஆருட வேல இது?"

மாமா மருமகனைத் திரும்பிப் பார்த்தார். மெதுவாக, மிக அன்பாக.

"நான்தான் மாமி," என்றான் றுஸ்தி.

மாமா மறுநாளே மாத்தளைக்குப் போய்ப் புதுக் கேத்தல் வாங்கி வந்தார். அதன்பிறகு மெயின் விழவில்லை.

சனிக்கிழமை மேட்ச். மாமா கடைக்குப் போய்விட்டதாக ஷஸ்னா சொன்னாள். றுஸ்தி ஃபோனையும் கடலையையும் எடுத்துக்கொண்டு, வாழை மறைவால் நடந்து, கொட்டில் கதவைத் தள்ளினான்.

குஞ்சுகள் மூலையில் பல்பின் கீழ் ஒட்டிக் கிடந்தன. ஃபேன் அவற்றுக்கு முதுகைக் காட்டிச் சுழன்றது. சாய்மனைக் கதிரையில் பலீல் ஹாஜியார். கால்கள் குஞ்சு வந்த பெட்டியின் மேல். கையில் தேத்தண்ணி. ஃபோனில் மேட்ச்.

கதவுச் சத்தத்துக்கு அவர் துள்ளி எழும்பினார். தேத்தண்ணி இடுப்புச் சாரத்தில் கொட்டியது. வந்தது றுஸ்தி என்று கண்டதும் மூச்சை விட்டு மறுபடி உட்கார்ந்தார்.

"மாமியெண்டு நெனச்சிட்டேன். கதவச் சாத்துங்க மகன்," என்றார். "நானும் இந்த வீட்டுக்கு மாப்பிள்ளையா வந்த ஆள்தான்."