கோழிக்கூட்டுப் போத்தல்

"மகன், பேடு கூவுது!"

சளித் தடிமன் பிடித்ததுபோல் நாள்கணக்கில் கரகரத்துக் கிடந்த குரலில் மாமியார் சல்மா உம்மா சொன்னபோது, நிஸாம் கண்ணாடியில் பார்த்துத் தன் நாடியைத் தடவிக்கொண்டிருந்தான். அங்கே பெயருக்கும் ஒரு முடி இல்லை.

கூட்டிலிருந்து மறுபடி கேட்டது. சந்தேகமே இல்லை, பெட்டைக்கோழி சேவலைப்போலக் கொக்கரக்கோ என்றது.

கல்முனையில் சொந்தமாக ஃபோன் கடை வைத்திருந்தும், வருகிறவர்கள் நிஸாமிடம், "தம்பி, மொதலாளி எங்க?" என்றுதான் கேட்பார்கள். இவ்வளவு காலமும் சிரித்து மழுப்பினான். இனி முடியாது. மனைவி றபீக்காவின் தங்கை ஹாஜறாவுக்குப் பாலமுனையில் மாப்பிள்ளை கேட்டுப் போக வேண்டும். மாமனார் மௌத்தாகிவிட்டார். சபையில் முன்னால் உட்கார்ந்து கதைக்க வேண்டியவன் மூத்த மருமகன். இந்தப் பால்வடியும் முகத்தை அங்கே யார் மதிப்பார்கள்?

அதற்காகத்தான் கத்தாரிலிருந்து வந்த கூட்டாளியிடம் ஆண் ஹோர்மோன் ஜெல் வாங்கினான். தோளில் பூசினால் தோல் வழியாக இரத்தத்தில் சேருமாம். வெட்கத்தில் போத்தலின் லேபலைக் கிழித்துவிட்டான். ஒளிக்கத்தான் இடமில்லை. வீடு றபீக்காவின் சீதனம். அலுமாரி அவளுடையது, கட்டிலுக்குக் கீழே மாமியின் சாமான். வந்த மாப்பிள்ளைக்கு மிஞ்சியது கோழிக்கூட்டின் கூரைதான்.

முடி முளைக்கவில்லை. அள்ளி அள்ளிப் பூசினான். இப்போது பேடு கூவுகிறது.

பாண்டிருப்புப் பார்மசிக்கு ஓடினான். மருந்து கொடுக்கும் பவிதரன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அண்ணனைக் கூப்பிடுகிற மரியாதையோடு, "கோழிக்கும் பூசினீங்களா, நானா?" என்றான்.

"பகிடி விடாத. எனக்கு ஏன் முளைக்கல்ல?"

"டெஸ்டோஸ்டெரோன் தாடிக்கு மட்டுமில்ல நானா. எலும்பு, தசை, குரல், எல்லாத்திலயும் அதுக்கு வேலை இருக்கு. பொம்பிளையள்ட உடம்பிலயும் கொஞ்சம் ஊறும்."

"பொம்பிளையளுக்குமா?"

"ஓம். டொக்டரக் கேக்காமப் பூசினா உங்கட உடம்பு தன்ட வேலைய நிப்பாட்டிப்போடும். பூசின கையால ஆரையும் தொடவும் கூடாது. சரி, முகத்தில பரு வந்ததா? குரல் தடிச்சதா?"

"ஒண்டுமில்ல."

"அப்ப எனக்கும் விளங்கல்ல."

வீட்டுக்கு வந்தால், றபீக்கா கத்தியோடு நிற்கிறாள்.

"கூவுற பேடு வீட்டுக்கு ஆகாது. அறுத்துத் தாங்க, கறியாக்குவம்."

நிஸாம் கூட்டுக்குக் குறுக்கே வந்து நின்றான். வீடே அந்தக் கறியைத் தின்றால்?

"வேணாம்! அதத் தின்னப்படாது!"

"ஏன்?"

வேறு வழியில்லை. உண்மையை உடைத்தான். "கூட்டுக்கு மேல ஒரு மருந்துப் போத்தல் ஒளிச்சு வெச்சிருந்தன். தாடி வளர. கோழி அத நக்கியிருக்கும்."

றபீக்கா சிரிப்பை அடக்க முடியாமல் கத்தியைக் கீழே வைத்தாள். அவமானத்தில் நிஸாம் தலை குனிந்தான்.

எப்போதும்போல உள்ளங்கையில் அரிசி வைத்துப் பேட்டுக்குத் தீத்திக்கொண்டிருந்த சல்மா உம்மா மட்டும் சிரிக்கவில்லை. நாடிவரை இழுத்து மூடியிருந்த முக்காட்டை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

"முழங்கால் மருந்தெண்டு நினைச்சு அத நான்தான் பூசி முடிச்சன், மகன். குறையக் குறையக் கத்தாழைச் சாற நிரப்பி வெச்சன். பாலமுனைக்குப் போக முந்தி எனக்கொரு சவரப் பிளேட் வாங்கித் தாங்க."