மிதிபடாத கம்பளம்

கம்பளக் காவலர் என்று ஓர் இனம் உண்டு. பெங்களூரில் அடுக்குமாடி வீடுகள் பெருகப் பெருக இந்த இனமும் பெருகிக்கொண்டு வருகிறது. இவரை நீங்கள் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. வாசலில் செருப்பைக் கழற்றி, காலை மிதியடியில் நன்றாகத் துடைத்து, நல்ல பிள்ளையாக இவர் வீட்டுக்குள் நுழைவீர்கள். "வாங்கோ, வாங்கோ" என்று வாய் அழைக்கும். கண் மட்டும் உங்கள் காலைவிட்டு நகராது. சோபாவை நோக்கி நேராக நடக்கத் துணிந்தீர்களோ, "அப்படி வேண்டாம், ஓரமா, சுவரை ஒட்டினாப்பல வந்துடுங்கோ" என்பார். ஹாலின் நடுவே ஒரு கம்பளம் விரித்துக் கிடக்கும். அது நடப்பதற்கு என்றா நினைத்தீர்கள்? அதைச் சுற்றி நடப்பதற்கு.

இந்த இனத்தின் சகல லட்சணங்களும் பொருந்திய ஒருவரைப் பார்க்க வேண்டுமானால் ராஜாஜிநகருக்கு வாருங்கள். மூன்றாவது மாடி. பெயர் வெங்கடசுப்ரமணியன். அப்பா காலத்திலேயே அரசாங்க உத்தியோகத்துக்காக இந்த ஊருக்கு வந்துவிட்ட குடும்பம். இவருக்குப் பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு மேலாளர் வேலை. பகலெல்லாம் குறை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவர்; வீட்டில் அதையே இலவசமாகச் செய்கிறார். ஆனால் இவரை முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது, சிரித்த முகம். இவர் மனைவி பார்கவியின் குதிகாலைக் கேட்டால்தான் தெரியும்.

பார்கவி கல்லூரியில் கணக்கு நடத்தி விருப்ப ஓய்வு பெற்றவள். மகள் அனன்யா கல்யாணமாகிப் புனேவுக்குப் போன பிறகு, வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வழியாகப் பி.யூ., அதாவது பிளஸ் டூ, பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறாள். ஹாலின் ஒரு மூலையில் வெள்ளைப் பலகையை மாட்டி, சாயங்காலம் முழுக்க அதன் முன்னால் நின்றுகொண்டு. உட்கார்ந்தால் அவளுக்குப் பாடம் வராது, பழக்கம் அப்படி. அந்தப் பளபள டைல்ஸ் தரை இருக்கிறதே, பெங்களூர்க் குளிரையெல்லாம் இழுத்து வைத்துக்கொண்டு அவள் குதிகாலில் ஏற்றிவிடும். காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது உயிர் போய்விட்டு வரும். டாக்டரிடம் போனாள். "வெறும் தரையில நிக்காதீங்கம்மா. வீட்டுக்குள்ள செருப்பு போட்டுக்குங்க. இல்லேன்னா கெட்டியா, மெத்துன்னு எதையாவது விரிச்சு அதுமேல நில்லுங்க" என்றார் அவர்.

"சுவாமி இருக்கிற ஆத்துக்குள்ள செருப்பா?" என்றார் வெங்கடசுப்ரமணியன். சரி, அது போயிற்று.

"அப்போ நிக்கிற இடத்துல ஒரு சின்ன மேட் போட்டுக்கறேனே."

"கால் துடைக்கிற மேட்டைக் கொண்டுவந்து ஹால்ல போட்டா ஹால் லுக் என்னத்துக்கு ஆகும்? போடறதுன்னா முறையாப் போடணும்."

அந்த ‘முறையா’ என்ற வார்த்தை இந்த இனத்தின் வாயிலிருந்து வந்துவிட்டால் நீங்கள் துண்டைப் போட்டுக்கொண்டு படுத்துவிடலாம், இப்போதைக்கு ஒன்றும் நடக்காது. வெங்கடசுப்ரமணியன் ஆராய்ச்சியில் இறங்கினார். சாப்பிடும்போதும் யூடியூப், பல் தேய்க்கும்போதும் யூடியூப். எவனோ வெள்ளைக்காரன் எவன் வீட்டிலோ கம்பளம் விரிப்பதைப் பார்த்துவிட்டு வந்து, சோபாவின் முன்கால்கள் கம்பளத்தின் மேலும் பின்கால்கள் தரையிலும் இருக்க வேண்டும் என்றும், சின்னக் கம்பளம் போட்டால் ஹாலே சிறுத்துத் தெரியும் என்றும், வெளிர் நிறம் அழுக்கைக் காட்டும், அடர் நிறம் தூசியைக் காட்டும், சணல் உறுத்தும், பருத்தி சுருங்கும், பாலியெஸ்டர் கௌரவக் குறைச்சல் என்றும் மனைவிக்குப் பாடம் நடத்தி, பழைய செய்தித்தாள்களை டேப் போட்டு ஒட்டிக் கம்பளத்தின் அளவுக்குத் தரையில் விரித்து, பால்கனியில் நின்று பார்த்து, சமையலறை வாசலில் நின்று பார்த்து, அந்தச் செய்தித்தாளையே ஒரு வாரம் மிதிக்காமல் சுற்றி நடந்தார். அப்போதே பார்கவி உஷாராகியிருக்க வேண்டும். கால் வலி அவளை யோசிக்கவிடவில்லை.

தீபாவளித் தள்ளுபடியில் கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் ஒரு கடையில் கம்பளம் அமைந்தது. சுத்தமான கம்பளி. மெரூன் நிறம், ஓரத்தில் நீலக் கரை. சோபாவிலிருந்து வெள்ளைப் பலகை வரைக்கும் வருகிற நீளம். "நின்னு பாருங்க மேடம்" என்றார் கடைக்காரர். பார்கவி செருப்பை விட்டுவிட்டு ஏறி நின்றாள். குதிகால் அதில் மெல்ல அமிழ்ந்தது. அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. இத்தனை நாள் இந்த மனுஷன் அலைந்ததெல்லாம் எனக்காகத்தானே என்று மனம் இளகி, கண்கூடக் கலங்கிவிட்டது.

பாவம். கணவரின் அனுமதியோடு அவள் அந்தக் கம்பளத்தின் மேல் நின்றது அந்த ஒரு முறைதான்.

வீட்டில் விரித்த அன்று சாயங்காலம், வகுப்பு தொடங்குமுன் ஆசையாக ஒரு காலைத் தூக்கி வைக்கப் போனாள்.

"கால் அலம்பிண்டியோ?"

அலம்பிக்கொண்டு வந்தாள்.

"ஈரக் காலோடயா?"

துடைத்துக்கொண்டு வந்தாள்.

"இப்பவே ஏறணுமா? புதுசுடி. கொஞ்ச நாள் போகட்டுமே."

கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள்? அதை இந்த இனத்திடம் கேட்டவர் எவருமில்லை, கேட்டாலும் பதில் வராது. கம்பளம் பழசாகட்டும், பிறகு மிதிக்கலாம் என்பது சித்தாந்தம். மிதிக்காமல் அது எப்படி ஐயா பழசாகும்? இதற்கிடையில் வெயில் பட்டால் சாயம் போய்விடும் என்று ஹால் ஜன்னலுக்குக் கனத்த திரை வந்தது. தூசி பட்டால் கெட்டுவிடும் என்று கம்பளத்தின் மேல் ஒரு பழைய பெட்ஷீட் ஏறியது. பெட்ஷீட்டில் காபி சிந்தினால் ஊறிவிடும் என்று அதன் மேல், மெத்தை வாங்கியபோது வந்த பிளாஸ்டிக் உறை ஏறியது. பார்கவி பாச்சை உருண்டையாவது போடலாமா என்று கேட்டாள். வாசனை பிடித்துக்கொள்ளுமாம், கூடாது. ஹால் லுக்குக்காக வாங்கிய சாமான், ஹாலில் பிளாஸ்டிக்காகக் கிடந்து பளபளத்தது. வீட்டு வேலைக்கு நீலசந்திராவிலிருந்து இரண்டு பஸ் மாறி வரும் மரகதம், துடைப்பத்தோடு அதன் முன்னால் திகைத்து நிற்பாள். "இதும்மேல பெருக்கட்டா வேணாவா, ஒண்ணே சொல்லிடுங்க சார்" என்பாள். வேண்டாம் என்பதுதான் எப்போதும் பதில்.

மேல்மாடி வீட்டு பிரிஜெட் கிறிஸ்துமஸுக்குக் குல்குல் என்ற தித்திப்புப் பலகாரம் கொண்டுவந்தாள். விவேக் நகரில் பிறந்து வளர்ந்தவள். மனதில் பட்டது வாயில் வந்துவிடும். சுவரோரமாக நடத்தி அழைத்துவரப்பட்டு, சோபாவில் உட்கார்ந்து, காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் சற்று நேரம் அந்தரத்தில் வைத்திருந்துவிட்டுக் கேட்டாள். "என்னா சார், அடியில பொணம் கிணம் ஒளிச்சு வெச்சிருக்கீங்களா?"

வெங்கடசுப்ரமணியன் கோபித்துக்கொள்ளவில்லை. இதற்காகத்தானே காத்திருந்தார். வாசல் பக்கத்து மூலையில் பிளாஸ்டிக்கையும் பெட்ஷீட்டையும் ஒரு சாண் தூக்கி, "ப்யூர் ஊல்" என்று காட்டிவிட்டு உடனே மூடினார். பார்கவி தட்டில் குல்குல்லை எடுத்து வைத்தபடி வெறும் டைல்ஸில் நின்றிருந்தாள். பிரிஜெட் அவள் காலைப் பார்த்தாள்.

மறுநாள் சாயங்காலம் பார்கவி திருட ஆரம்பித்தாள்.

திருட்டுத்தான், வேறென்ன. அவர் பீன்யாவிலிருந்து திரும்பி, காபி குடித்து, பார்க்கில் நடக்கப் போகிற நேரமும் அவள் வகுப்பு நேரமும் ஒன்று. கதவு சாத்தும் சத்தம் கேட்டதும், பலகைக்கு எதிரே இருக்கும் மூலையில் மட்டும் பிளாஸ்டிக்கையும் பெட்ஷீட்டையும் மடித்துவிட்டு ஏறி நிற்பாள். "மேம், இன்னிக்கு நல்ல மூட்ல இருக்கீங்க" என்று ஒரு பெண் கம்ப்யூட்டர் திரையிலிருந்து சொன்னாள். வகுப்பு முடிந்ததும் கால் பதிந்த தடம் தெரியாதபடி ஒரு பழைய சீப்பால் அந்த இடத்தை வாரி, நூலை நிமிர்த்தி, மறுபடி மூடிவிடுவாள். அந்த மூலையைத் தாண்டி ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை. மாட்டிக்கொண்டால் யார் பதில் சொல்வது? குதிகால் வலி குறைந்தது. மனசுதான் எரிந்தது. என் வீட்டில், என் காலுக்கு வாங்கினதன் மேல், நான் இப்படிப் பூனை மாதிரி ஏறி இறங்க வேண்டுமா என்று அழுகை அழுகையாக வரும். அவர் என்றாவது பாதி நடையில் திரும்பிவந்து, "யார் இங்க நின்னது?" என்று கேட்பார், அதற்கு என்ன சொல்வது என்று நாளுக்கொரு பதில் யோசித்து வைத்தாள். காற்றில் விலகியது என்பாள். மரகதம் தெரியாமல் மிதித்துவிட்டாள் என்பாள். தரைக்கு விரித்ததன் மேல் நின்றதற்காக வேலைக்காரியின் மேல் பழி போடத் துணிந்துவிட்டோமே என்று அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

அடுத்த தீபாவளியும் வந்து போயிற்று. கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சீனிவாசராகவன் மனைவியோடு வருவதாகச் சொன்னார். வெங்கடசுப்ரமணியனின் பழைய மேலதிகாரி, இவரை வேலைக்கு எடுத்தவர். கம்பளக் காவலரின் வாழ்க்கையில் இப்படிச் சில நாட்கள் வரும். இதற்காகத்தான் அவர் மீதி நாளெல்லாம் காவல் காக்கிறார். வந்தவர்களைச் சுவரோரமாக நிற்கவைத்து, மின்விளக்கு எல்லாவற்றையும் போட்டு, "ஒரு நிமிஷம் சார், இதைப் பார்த்துட்டு உக்காரலாம்" என்று சொல்லி, சிலை திறக்கிற மந்திரியின் தோரணையில் பிளாஸ்டிக்கை உருவினார். பெட்ஷீட்டை உருவினார்.

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள்.

மெரூன் நிறம் அங்கங்கே தீவு தீவாகத்தான் இருந்தது. மற்ற இடமெல்லாம் கம்பளியை எதுவோ வழித்துத் தின்றுவிட்டிருக்க, அடியில் இருக்கும் வெறும் நெசவு சாக்குத்துணியாகப் பல்லிளித்தது. மணல் போலப் பொடி. அதன் நடுவே வெள்ளை வெள்ளையாகச் சின்னப் புழுக்கள், விளக்கு வெளிச்சம் பிடிக்காமல் நெளிந்தன. சீனிவாசராகவனின் மனைவி புடவைக் கொசுவத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓரடி பின்னால் போனாள்.

"வெங்கிட்டு, இது டிசைனா?" என்றார் சீனிவாசராகவன். மனுஷர் நிஜமாகவே கேட்டார்.

வெங்கடசுப்ரமணியன் மண்டியிட்டார். அந்தக் கம்பளத்தின் மேல் அவர் உடம்பு பட்டது அதுதான் முதல் தடவை. மொபைலை எடுத்துத் தேடி, வழக்கம்போல உரக்கப் படிக்க ஆரம்பித்தார். "கம்பளியைத் தின்னும் அந்துப்பூச்சிப் புழு. வெளிச்சமும் காற்றும் படாமல் மூடி வைத்த, மனித நடமாட்டம் இல்லாத..." குரல் இறங்கிக்கொண்டே போய் நின்றுவிட்டது.

அப்போதுதான் அவர் கண்ணில் அது பட்டது. பலகைக்கு எதிரே இருந்த மூலை. இரண்டு பேர் நிற்கலாம், அவ்வளவு இடம். கடையில் வாங்கிய அன்று இருந்த மாதிரியே மெரூன் மெரூனாக, ஒரு நூல் குறையாமல் இருந்தது. உங்களுக்கோ எனக்கோ என்ன தோன்றும்? இதாவது தப்பித்ததே என்று தோன்றும். தரக்கட்டுப்பாட்டு மேலாளரோ அருகே தவழ்ந்து போய், கண்ணைச் சுருக்கி, விரலால் தடவிப் பார்த்தார்.

"இங்க மட்டும் நூல் லேசா படிஞ்சிருக்கே," என்றார். "யார் இங்க நின்னது?"

முழுக் கம்பளமும் செத்துக் கிடக்கிறது. உயிரோடு இருக்கிற மூலையின் மேல் வழக்கு. பார்கவி ஒரு வருஷமாகப் பயந்திருந்த கேள்வி அதுதான். யோசித்து வைத்திருந்த பதில்களில் ஒன்றுகூட அவளுக்கு இப்போது வேண்டியிருக்கவில்லை.

"நான்தான்," என்றாள். "தெனம் சாயங்காலம் நின்னேன். மத்த இடத்துலயும் நின்னிருக்கணும். தப்புப் பண்ணிட்டேன்."

அதைச் சொல்லிவிட்டு உள்ளே போய்க் காபி கலந்துகொண்டு வந்தாள். சீனிவாசராகவனும் மனைவியும் கம்பளத்தை அப்பால் தள்ளிவிட்டு, சோபாவில் நன்றாகச் சாய்ந்து, காலைத் தரையில் ஊன்றி உட்கார்ந்து குடித்தார்கள். அந்த வீட்டில் விருந்தாளிகள் அப்படி உட்கார்ந்து வெகு காலமாகியிருந்தது. அவர்கள் கிளம்பியதும் பார்கவி தையல் கத்தரியை எடுத்து, அந்த மூலையை மட்டும் கணக்காக வெட்டி, உதறி, பால்கனி வெயிலில் போட்டாள். மீதியை மரகதம் மறுநாள் சுருட்டிக் கீழே கொண்டுபோனாள்.

அன்று சாயங்காலம் அந்தத் துண்டின் மேல் நின்று, யாருக்கும் பயப்படாமல், பார்கவி வகுப்பை ஆரம்பித்தாள். வெங்கடசுப்ரமணியன் பார்க்குக்குப் போகவில்லை. சமையலறை வாசலில் நின்று அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் இதுவரை பார்த்திராத ஒரு தயக்கம். "பார்கவி" என்று மெதுவாக அழைத்தார். கால் வலி எப்படி இருக்கிறது என்று கேட்கப் போகிறாராக்கும் என்று அவள் மனம் ஒரு கணம் நெகிழ்ந்துவிட்டது. அந்த நெகிழ்ச்சிக்காக அப்புறம் தன்னையே திட்டிக்கொண்டாள்.

"அந்த ஒரு துண்டாவது நன்னா இருக்கட்டும்," என்றார் அவர். "கிளாஸ் இல்லாதப்போ அதுமேல ஒரு டவலைப் போட்டு மூடி வை."

பார்கவி அவரை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் திரைப் பக்கம் திரும்பினாள். "இந்தச் சமன்பாட்டுக்குத் தீர்வே கிடையாதும்மா. விட்டுட்டு அடுத்ததுக்குப் போகலாம்," என்றாள் பிள்ளைகளிடம்.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். உங்கள் வீட்டில் கம்பளமே இல்லை, உங்களுக்கென்ன. ஆனால் டிவி ரிமோட்டின் மேல் அந்தப் பிளாஸ்டிக் உறை இன்னும் இருக்கிறதா? அலமாரியில் யாருக்கும் சாதம் போடாத டின்னர் செட் இருக்கிறதே, அது எந்த மகாராஜாவுக்காகக் காத்திருக்கிறது? யாரோ ஒருவருக்கு என்று ஆசையாக வாங்கி, கொஞ்ச நாள் போகட்டும் என்று அவர் கைக்கு எட்டாமல் உள்ளே வைத்தீர்களே, அது என்ன ஆயிற்று? ஒரு நடை எழுந்து போய்த் திறந்து பாருங்கள். ஓரமாக, சுவரை ஒட்டியேதான் போவீர்கள், எனக்குத் தெரியும்.