நீரூற்றுக் கமிட்டித் தலைவர்

கல்லில் தன் பெயரைப் பார்க்காமல் காபி இறங்காத ஒரு மனித இனம் நம்மிடையே உலவுகிறது. அதை நான் முதலில் சந்தித்தது என் பட்டமளிப்பு நாளில். எங்கள் வம்சத்திலேயே முதல் பட்டதாரி நான். குடிகாட்டிலிருந்து வேன் பிடித்து வந்த சொந்தங்களோடு, பல்கலைக்கழகத்தின் போர் நினைவு நீரூற்று முன்னால் போட்டோவுக்கு நின்றபோது, அம்மாவுக்கும் எனக்கும் நடுவில் தானாக வந்து நின்றவர்தான் செம்பியன் சார். ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர். ஓய்வுபெறாத கமிட்டித் தலைவர்.

அந்த நீரூற்றைப் பார்த்திருக்கிறீர்களா? கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற பஸ்ஸில் பாதி வழியில் இறங்க வேண்டும். எழுபத்தொன்றாம் வருடப் போரில் இறந்த ஊழியர்கள் மூன்று பேருக்காகக் கட்டியது. நடுவில் சதுரத் தூண், அதன் கிழக்கு முகத்தில் மூன்று பெயர், மூன்றே வரி. பிறகு குழாய் மாற்றினார்கள். மாற்றியவர்கள் பெயரோடு தெற்கில் ஒரு கல். கலர் பல்பு போட்டார்கள். மேற்கில் ஒரு கல். 'தானே' புயலில் சாய்ந்த மரத்தை அப்புறப்படுத்தியதற்கு வடக்கில் பதினான்கு பெயர், நன்றியுரை சொன்னவர் உட்பட. எல்லாவற்றிலும் சார் உண்டு. தண்ணீர்? அது திறப்பு விழாவுக்கு மட்டும் லாரியில் வரும்.

நான் ஆராய்ச்சிக்குச் சேர்ந்த வருடம் பெயிண்ட் அடித்தார்கள். கல் வந்துவிட்டது. இடம்தான் இல்லை.

"மூணு பக்கமும் ரொம்பிடுச்சி சார்," என்றார் கொத்தனார் ராஜமாணிக்கம். "மிச்சம் இருக்கறது செத்தவங்க பக்கம்."

"அதுமேலயே ஒட்டுய்யா."

விடுதியில் பாத்திரம் கழுவும் இருசம்மாள் ஈரக்கையோடு ஓடி வந்தார். மூன்று பெயரில் முதல் பெயர் தங்கராசு. இங்கே தோட்ட வேலை பார்த்துவிட்டுப் பட்டாளத்துக்குப் போன அவருடைய அப்பா.

"எங்கப்பா ஒடம்புகூட ஊட்டுக்கு வரல சார். எங்களுக்கு இருக்கறது இந்தப் பேரு ஒண்ணுதான். மூடாதீங்க."

"மூடலம்மா, பாதுகாக்கறோம். வரலாறு எங்க போயிடும்? உள்ளதான இருக்கும்."

"அப்ப ஒங்க பேரு உள்ள இருக்கட்டும் சார். எங்கப்பா வெளிய இருக்கட்டும்."

சாருக்குக் காது கேட்கவில்லை. கல் ஒட்டப்பட்டது.

டிசம்பரில் தங்கராசுவின் நினைவு நாள். வருடா வருடம் வருவதுபோல் இருசம்மாள் வந்தார். அப்பா பெயர் எந்த உயரத்தில் இருந்தது என்பது அவர் விரலுக்குத் தெரியும். சரியாக அந்த இடத்தைச் சுற்றிவரும்படி சாமந்தி மாலையைத் தொங்கவிட்டு, ஊதுபத்தி கொளுத்திவிட்டு வேலைக்குப் போய்விட்டார். மாலைக்கு நடுவில் பளிச்சென்று தெரிந்தது: 'தலைவர், திரு. செம்பியன்.'

அன்று சாயங்காலத்துக்குள் சார் வீட்டுக்கு ஏழு பேர் துக்கம் கேட்க வந்துவிட்டார்கள். ரோஜா மாலையோடு நின்ற பழைய சகா குழம்பிப்போனார்.

"என்னா மச்சான், நீயே வந்து கதவத் தொறக்கற?"

மறுநாள் காலையில் சார் விடுதி வாசலில் நின்றார்.

"ஏம்மா, அந்த மாலைய கொஞ்சம் தள்ளிப் போடக் கூடாதா?"

"எங்கப்பா அங்கதான சார் இருக்காரு. இனிமே அமாவாசைக்கு அமாவாசை போடலாம்னு இருக்கேன்."

அடுத்த அமாவாசை வருமுன் ராஜமாணிக்கத்தை வரவழைத்து, பக்கத்திலேயே நின்று கல்லைப் பெயர்க்கவைத்தார் செம்பியன் சார்.

சிரித்துவிட்டீர்களா? சரி, பத்திரிகையில் உங்கள் பெயர் விட்டுப்போனதென்று எத்தனை கல்யாணத்துக்குப் போகாமல் இருந்திருக்கிறீர்கள், அதை மட்டும் யோசித்து வையுங்கள்.

தங்கராசு இப்போது வெயிலில் இருக்கிறார், இரண்டு எழுத்தில் சிமெண்ட் அடைத்துக்கொண்டு. செம்பியன் சார் திருவந்திபுரத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். அந்தத் தெருவின் தண்ணீர்த் தொட்டிக் கமிட்டிக்கு அவர்தான் தலைவர்.