லிஃப்ட்டில் என் எடை

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம், நீங்களும் என் மகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பேச்சு வழிதவறிவிடக் கூடாது என்பதற்காக, சொல்லப்போவதை முதலிலேயே வரிசைப்படுத்திவிடுகிறேன்:

1. என் எடை ஐம்பத்திரண்டு கிலோ.
2. அதற்குச் சாட்சி உண்டு.
3. ஆகவே ஞாயிற்றுக்கிழமை நீங்கள் காரை எடுத்துக்கொண்டு வர வேண்டாம்.

"ஐம்பதுக்குக் கீழ இறங்கினா பெட்டியக் கட்டிக்கிட்டு எங்க வீட்டுக்கு வந்துடணும்ப்பா, பேச்சே கிடையாது" என்று சொல்லி, போன மாதம் என் மகள் எடை பார்க்கும் மெஷினை வாங்கிவைத்துவிட்டுப் போனது உங்களுக்குத் தெரியும். தினமும் காலையில் ஏறி நிற்கிறேன். முள் நாற்பத்தொன்பதில் ஆணி அடித்ததுபோல் நிற்கிறது. இந்த வீட்டை விட்டு வர எனக்கு மனமில்லை. அதை அவளிடம் சொல்லத் தைரியமும் இல்லை. சரி, பெட்டியையாவது எடுப்போம் என்று பரணில் கைவிட்டபோது அவளுடைய பழைய அறிவியல் புத்தகம் என் தலையில் விழுந்தது. (புவியீர்ப்பு. அதைக் குறைசொல்ல முடியாது.) விழுந்த இடத்திலேயே உட்கார்ந்து படித்தேன். மேலே கிளம்பும் லிஃப்ட்டில் நிற்பவரின் எடை கூடுதலாகக் காட்டும் என்று போட்டிருந்தது. என் புத்தி போன போக்கைப் பாருங்கள், மெஷினை இடுக்கிக்கொண்டு கீழே போய்விட்டேன்.

லிஃப்ட்டுக்குள் மெஷின் மேல் ஏறி நின்று நான்காம் மாடிப் பொத்தானை அழுத்தும் நேரம் பார்த்து, தண்ணீர் கேன் போடுகிறவர் தோளில் கேனுடன் உள்ளே வந்தார், "என்ன சார், லிஃப்ட்டுக்கே எடை பாக்குறீங்களா?" என்றார், அதற்குள் லிஃப்ட் கிளம்பியது, முள் துள்ளி ஐம்பத்திரண்டைத் தொட்டது, "பாருங்க, பாருங்க!" என்று நான் கத்த, அவரும் குனிந்து, "ஆமா சார், ஐம்பத்திரண்டு!" என்றார். அடுத்த விநாடி முள் நாற்பத்தொன்பதுக்கே திரும்பிவிட்டது. மாடிகள் ஒவ்வொன்றாகக் கீழே போகின்றன, நாங்கள் ஏறிக்கொண்டே இருக்கிறோம், முள்ளோ கூடத்துத் தரையில் இருப்பதுபோல் அசையவே இல்லை. நிற்கப்போகும்போது நாற்பத்தாறு. அவருக்கு விளக்க முயன்றேன். "இது தெரியாதா சார்? கிளம்பும்போது கேன் தோளை அமுக்கும், நடுவுல சும்மா இருக்கும், நிக்கும்போது லேசாயிடும். பதினெட்டு வருஷமா தோளுக்குத் தெரியுது. புக்குல வேற போட்டுட்டாங்களா?" என்றார்.

மாப்பிள்ளை, அதன் பிறகு நான் ஆறு முறை ஏறி இறங்கினேன். எடைக்காக அல்ல. சீராகப் போகும்போது போவதே உடம்புக்குத் தெரிவதில்லை. வேகம் மாறும்போதுதான் விசை வந்து உள்ளங்காலைத் தட்டுகிறது. முப்பது வருஷமாக இந்த வீட்டில் அசையாமல் இருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். பூமி என்னைத் தூக்கிக்கொண்டு ஓடியபடியே இருந்திருக்கிறது. ஒரு டம்ளர் தண்ணீர்கூடத் தளும்பவில்லை. நான் சரியாகத்தான் புரிந்துகொண்டேனா, தெரியவில்லை.

குறையாத நலத்தோடும் கூடாத எடையோடும் இருவரும் நீடூழி வாழ ஆசீர்வதிக்கும்,
மாமனார்.

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் புத்தகத்தில் அந்த லிஃப்ட் பக்கத்தை மறுபடி பார்த்தேன். ஓரத்தில், பென்சிலில், என் மகளின் பள்ளிக்காலக் கையெழுத்து: "நடுவில் எடை ஏன் மாறவில்லை? அப்பாவைக் கேட்கணும்." கேட்டாளா, நான்தான் அப்புறம் பார்க்கலாம் என்றேனா, நினைவில்லை. ஆகவே மூன்றாவது விஷயம் தவறு. ஞாயிற்றுக்கிழமை அவளைக் கட்டாயம் அழைத்துக்கொண்டு வாருங்கள். முதலில் அவளை லிஃப்ட்டில் ஏற்றிக் காட்டுகிறேன், என் எடை நாற்பத்தொன்பதுதான் என்று அதற்குப் பிறகு நானே சொல்லிவிடுகிறேன். பெட்டி கட்டியாகிவிட்டது. புத்தகம் மட்டும் வெளியே இருக்கிறது.