சிவப்புக்கோடு சாய்ந்த கதிரை

மீள்குடியேறிய காலத்து மன்னார்த் தீவில் கடலுக்குப் பயப்படாதவர்கள் இருந்தார்கள், ஷெல்லுக்குப் பயப்படாதவர்களும் இருந்தார்கள். சிவப்புக்கோட்டுக்குப் பயப்படாதவர் ஒருவரும் இருக்கவில்லை.

வீட்டுத்திட்டச் சுவர்களைப் பார்க்க வரும் உத்தியோகத்தர் அவர். சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. கையில் சவர்க்காரப் பெட்டியளவில் ஒரு லேசர் கருவி. அது சுவரில் போடும் சிவப்புக் கோட்டோடு கல்வரிசை ஒட்டி நின்றால் கூரைக்கு மரமும் ஓடும் வரும். விலகினால் இரும்பு அலவாங்கைத் தூக்கி முதல் குத்தை அவரே குத்துவார். மற்றவர்களை இடிக்கச் சொல்வது மரியாதையில்லையாம்.

அன்று காலை பக்கத்து வீட்டுப் பிலோமினா மாமியின் சுவர் போய்விட்டது. பின்னேரம் எங்கள் முறை.

தமிழ்நாட்டு முகாமிலிருந்து வந்து தறப்பாள் கொட்டிலில் இருந்தோம். அப்பாவும் அம்மாவும் தாங்களே கல் அரிந்து கட்டிய சுவர் அது. வானம் கறுத்துக்கொண்டு வந்தது. சுவர் விழுந்தால் இந்த மாரியும் தறப்பாளுக்குக் கீழேதான்.

அம்மா வீட்டிலிருந்த ஒரே கதிரையைத் துடைத்து மணலில் போட்டார். சிவப்புக்கோடு அதில் உட்காரவில்லை. லேசரை அதில் இருத்தி, மட்டம் காட்டும் நீர்க்குமிழியை நடுவுக்குக் கொண்டுவந்தார். வெளிச்சத்தில் கோடு மங்கலாகத் தெரிந்ததால் நிழல் கேட்டார். மழை வரப்போகிற நேரத்தில் எங்கள் தறப்பாள் கூரையைக் கழற்றி, அயலாரும் சேர்ந்து நாலு மூலைக்கு நாலு பேராக அவருடைய கருவிக்குக் குடை பிடித்தோம். ஒரு மூலையில் பிலோமினா மாமி.

தீர்ப்புக்கு முன் அவர் பேசுவார். கதிரையின் முதுகில் கையை ஊன்றி, ஒவ்வொரு வசனத்துக்கும் ஓர் அழுத்து அழுத்துவார்.

"இதுக்குள்ள இருக்கிற லேசர் ஒரு உப்புக்கல்லளவுதான். குறைகடத்தித் துண்டு."

"சேர், சுவர்..." என்றார் அப்பா.

"பொறுங்கோ. இப்ப இதைவிடச் சின்னனாச் செய்யினம்."

தலைமயிரைக் குறுக்கே வெட்டினால் அந்த வெட்டுமுகத்தில் ஆயிரம் லேசர் நிறுத்தலாமாம். கணினிச் சில்லுக்குள் செப்புக் கம்பிக்குப் பதிலாக ஒளியே செய்தி கொண்டு ஓடுமாம். உடம்பின் உயிருள்ள கலத்துக்குள் ஒரு லேசரை விட்டு, அந்தக் கலம் போகிற இடமெல்லாம் பின்தொடரலாமாம். ஒரு கழுதை வந்து கொஞ்சம் கேட்டுவிட்டுப் போய்விட்டது. எங்களுக்குப் போக வழியில்லை.

கடைசியில் அவர் சுவரைப் பார்த்தார். கோடு ஒரு மூலையில் கல்லோடு ஒட்டியும் மறுமூலையில் இரண்டு விரல் இறங்கியும் நின்றது. அலவாங்கைக் கேட்டார். அப்பா எடுத்துக் கொடுத்தார்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். அப்போது உயர்தரத்தில் பௌதிகவியல் படித்துக்கொண்டிருந்தேன். அவருடைய பேச்சை முழுதாகக் கேட்டதும் நான் மட்டும்தான். கேட்டபடியே கோட்டையும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"சேர், கோடு முதல் சரியா நிண்டது. பிறகுதான் இறங்கினது."

"லேசர் இறங்காது, பிள்ளை."

"லேசர் இறங்காது. கதிரை இறங்கும்."

சுவரில் கோடு நின்ற இடத்தில் பென்சிலால் ஓர் அடையாளம் போட்டேன்.

"அவ்வளவு சின்ன இடத்துக்குள்ள ஒளியை எப்பிடி அடைப்பினம் சேர்? அதைச் சொல்லேல்ல நீங்கள்."

ஒரு கையில் அலவாங்கு இருந்தும் அவரால் அடக்க முடியவில்லை. மற்றக் கை கதிரையில் ஊன்றியது. உலோகத்துக்குக் கிட்டப் போனால் ஒளி அதில் ஒட்டிக்கொண்டு சுருங்கும் என்றார். ஓர் அழுத்து. கோடு அடையாளத்தை விட்டு நழுவியது. முதல் துளி தறப்பாளில் விழுந்தது. "அப்பிடிச் சுருங்கின ஒளி..." என்று தொடங்கியவர் நிறுத்திவிட்டார். கதிரையின் ஒரு கால் மணலுக்குள் புதைந்திருந்தது.

"சுவர் நேர்," என்றார். பிறகு மெதுவாகத் திரும்பி, "பிலோமினாக்கா, உங்கட வீட்டிலயும் கன நேரம் கதைச்சிட்டன்."

"ஓம், கதைச்சனீங்கள்," என்றார் மாமி. "இந்த நுனியைப் பிடியுங்கோ. கை உளையுது."

நாங்கள் கொட்டிலைத் திரும்பக் கட்டி முடிக்கும்வரை சிவப்புக்கோடு மழைக்குள் நின்று தறப்பாள் நுனியைப் பிடித்தார். அடுத்த கிழமை முழுக்க உடுத்த சாரத்தோடு மாமியின் சுவருக்குக் கல் வைத்தார். வாயே திறக்கவில்லை.

இன்று ஆய்வுகூடத்தில் நான் வளர்ப்பது அந்தச் சின்னஞ்சிறு லேசர்களைத்தான். பார்க்க வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்லத் தொடங்கினால் எனக்கும் நிறுத்த வராது. மேசையில் மட்டும் கை ஊன்றமாட்டேன். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, அவர் மழைக்குள் பாதியில் விட்ட வசனத்திலிருந்து தொடங்குவேன்.