பஞ்சாபகேசன் பிரஸண்ட் சார்!

“கனம் நீதிபதி அவர்களே!” என்று பஞ்சாபகேசன் கறுப்பு அங்கியை ஒதுக்கிக்கொண்டு எழுந்தபோது ஹைகோர்ட்டே மூச்சைப் பிடித்துக்கொண்டது. எதிர்க்கட்சி பாரிஸ்டர் நெற்றியைத் துடைத்தார். நீதிபதி முன்னால் சாய்ந்து, கனிவாகப் பேசினார்:

“அரே பாபு, உட்டோ! குர்லா ஆ கயா!”

பஞ்சு கண்ணைத் திறந்தான். ரயில் குர்லாவில் நிற்க, யாரோ ஒருவர் அவனை உலுக்கி எழுப்பிக்கொண்டிருந்தார். மாட்டுங்காவில் ஏறியவன், விக்டோரியா டெர்மினஸ் வரைக்கும் போய், இறங்காமலே திரும்பி, தன் வீட்டையும் தாண்டி வந்திருந்தான்.

இந்த மாதத்தில் இது ஒன்பதாவது தடவை.

காலையில் சட்டக் கல்லூரி. பத்தரைக்குப் பம்பாய்க் கோட்டைப் பகுதியில் குமாஸ்தா வேலை. “இந்த ஒரு வருஷம் பாக்கறேன். பரீட்சை எழுதாம கோட்டை விட்டீரோ, படிப்பும் கிடிப்பும் வேண்டாம், நாற்காலியோட இரும்” என்று மானேஜர் சொல்லியிருந்தார். வகுப்புக்குப் போன நாட்கள் குறைந்தால் பரீட்சையே எழுத முடியாது. ஆனால் காலை ரயிலின் ஜன்னல் காற்றுக்கு இதெல்லாம் தெரியவில்லை. அது பஞ்சுவின் இமையைத் தடவி, நேராக ஹைகோர்ட்டில் கொண்டுபோய் இறக்கியது.

“நீ பாட்டுக்குத் தூங்குடா” என்றான் நாணு. மாட்டுங்கா மெஸ்ஸில் தங்கி, அதே வகுப்பில் படிப்பவன். “உன் பேரைக் கூப்பிட்டா நான் பிரஸண்ட் சொல்லிடறேன். ஞாயித்துக்கிழமை மன்னி கையால ஒரு காபி. அவ்வளவுதான்.”

ஒப்பந்தச் சட்டம் நடத்திய புரொபஸர் சங்கரநாராயணன் இந்த வருஷம்தான் புதிதாக வந்தவர். பகலில் ஹைகோர்ட் வக்கீல், காலையில் மட்டும் வகுப்பு. நோட்டைப் பார்த்துக் கடகடவென்று வாசிப்பார். கேள்வி கேட்பார், யாராவது திருப்பிக் கேட்டால் இருமுவார். மணி அடித்ததும் பிரின்ஸிபால் கண்ணில்கூடப் படாமல் டிராம் ஏறிவிடுவார்.

மறுநாள் அவர் ஆஜர் எடுத்தார். “பஞ்சாபகேசன்?”

“பிரஸண்ட் சார்!” என்றான் நாணு.

“எழுந்திரும். ஒப்பந்தம்னா என்ன?”

நாணு எழுந்தான். புத்திசாலி, வாயை அடக்கத் தெரியாதவன். ஐந்து நிமிஷம் பொழிந்தான்.

“பேஷ், பஞ்சாபகேசன்! உம்ம முகத்தை நான் மறக்கவே மாட்டேன்!” என்றார் புரொபஸர்.

மறக்கவில்லை. அடுத்த நாள் பஞ்சு அதிசயமாக விழித்திருந்து வகுப்புக்கு வந்தபோது, தன் பெயருக்குத் தானே பதில் சொல்ல முடியவில்லை. வேறு வழியில்லாமல் நாணுவின் பெயருக்கு “பிரஸண்ட்” என்றான்.

“நாணு, நீர் சொல்லும். ஒப்பந்தத்துக்கு எது முக்கியம்?”

பஞ்சுவுக்கு ஜன்னலுக்கு வெளியே கடல்மேல் ஒரு மேகம் தெரிந்தது. அதற்கு வக்கீல் கவுன்போலவே இரண்டு கைகள். “மை லார்ட்...” என்றான்.

வகுப்பு கொல்லென்று சிரித்தது.

“பக்கத்துல பஞ்சாபகேசன் இருக்கார் பாரும். அவரைப் பாத்துக் கத்துக்கொள்ளும்!”

வெளியே வந்ததும் நாணு குதித்தான். “என் பேரை ரிப்பேர் பண்ணிட்டியேடா, பாவி!”

“என் பேரு உன்னால ஜொலிக்கறதே, அதுக்கு நான் என்ன பண்றது?”

“நீ ஒண்ணும் பண்ண வேண்டாம். முழிச்சிண்டிரு, போறும்!”

டேர்ம் முடியும் நேரத்தில் புரொபஸர் இன்னொரு குண்டைப் போட்டார். வகுப்பிலேயே ஒரு போலிக் கோர்ட். விற்ற எருமை, வாங்கியவன் வீடு போய்ச் சேருமுன் செத்துவிட்டது, நஷ்டம் யாருக்கு? விற்றவர் தரப்பில் நாணு, வாங்கியவர் தரப்பில் பஞ்சாபகேசன். ஜெயிக்கிறவருக்கு வருஷக் கடைசியில் தனிச் சான்றிதழ்.

அதாவது, விற்றவருக்காகப் பேச வேண்டியவன் பஞ்சு. வாங்கியவருக்காக நாணு.

பஞ்சு கணக்குப் போட்டான். தான் தோற்றால்தான் தன் பெயர் ஜெயிக்கும். நாணுவும் அதே கணக்கைப் போட்டிருந்தான்.

“கனம் நீதிபதி அவர்களே!” என்று பஞ்சு எழுந்தான். உடம்பு சிலிர்த்தது. இத்தனை நாள் கனவில் கண்ட மேஜை, கனவில் கேட்ட நிசப்தம். “விற்ற என் கட்சிக்காரர் மகா தப்பு செய்துவிட்டார். அந்த எருமை நடக்கும்போதே தள்ளாடியது. தெரிந்தேதான் விற்றார்!”

நாணு துள்ளி எழுந்தான். “இல்லை, மை லார்ட்! எருமை ஆரோக்கியமாகத்தான் இருந்தது! வாங்கிய என் கட்சிக்காரர்தான் அதை வெயிலில் தாதரிலிருந்து தாராவி வரைக்கும் ஓட்டினார்!”

“என் கட்சிக்காரர் பேச்சை நம்பாதீர்கள்!”

“என் கட்சிக்காரர் சொல்வது அதைவிடப் பொய்!”

புரொபஸர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். நோட்டைப் புரட்டினார். இருமினார். “ரெண்டு பக்கமும் சரின்னுதான் தோணறது” என்று சொல்லிவிட்டு டிராமுக்கு ஓடினார்.

வாசலில் அறிவிப்புப் பலகையைப் பஞ்சு இரண்டு தடவை படித்தான். நாளைக் காலை, பரீட்சைக்கு உட்கார வேண்டிய டேர்ம் சர்டிபிகேட்டைப் பிரின்ஸிபாலே கொடுக்கப் போகிறார். அந்தந்தப் புரொபஸர் பக்கத்தில் நின்று ஒவ்வொரு மாணவனையும் அடையாளம் காட்ட வேண்டும். பிரின்ஸிபால் பஞ்சுவைத் தானே பேட்டி கண்டு சேர்த்துக்கொண்டவர். அவருக்கு ஒரு பஞ்சு தெரியும். புரொபஸருக்கு இன்னொரு பஞ்சு.

“அகப்பட்டா ரெண்டு பேரையும் காலேஜை விட்டே விரட்டிடுவா” என்றான் பஞ்சு, சாயங்காலம் வீட்டில் மனைவி நாகலக்ஷ்மியிடம்.

“புரொபஸர் குடியிருக்கறது இங்கே மாட்டுங்காவிலதானே? போய்க் கால்ல விழுந்து உண்மையைச் சொல்லிடுங்கோ. வழியில பெஞ்சில உக்காராதேள், தூங்கிடுவேள்!”

அந்தி மயங்கும் நேரம். மாட்டுங்காவின் மரங்களுக்கு நடுவே பஞ்சு நடந்தான். பூக்கடை மல்லிகையும் எங்கோ வறுபடும் காபிக்கொட்டையும் கலந்து வந்தன. தலைக்குமேல் காகக் கூட்டம் கறுப்புக் கவுன்களாகக் கூடு திரும்பியது. இனி கனவில்கூட அந்தக் கவுனைப் போட முடியாதோ என்று நினைத்தபோது அவனுக்குக் கண் கலங்கியது.

புரொபஸர் சாய்வு நாற்காலியில் இருந்தார். “வாரும் நாணு” என்றார்.

“சார், நான் நாணு இல்லை. பஞ்சாபகேசன். எனக்காக அவன் ஆஜர் கொடுத்தான். அவனுக்காக நான். நாளைக்குப் பிரின்ஸிபால் முன்னாடி நீங்க அடையாளம் காட்டணும். வக்கீலாகணும்கறதைத் தவிர எனக்கு வேற ஆசை கிடையாது, சார். காப்பாத்துங்கோ!”

புரொபஸரின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. “நாளைக்கா? பிரின்ஸிபால் முன்னாடி நான் நிக்கணுமா?”

“போர்டுல போட்டிருக்கே, சார்.”

“யாருக்காகவோ ஒருத்தர் ஆஜராறது எவ்வளவு பெரிய...” என்று ஆரம்பித்தவர் பாதியில் விழுங்கினார். பஞ்சுவின் கையைப் பிடித்துக்கொண்டார். “சரி. உம்ம விஷயத்தை நான் யார்கிட்டயும் சொல்லலை. எனக்கு நாளைக்குக் கடும் ஜுரம்.”

இத்தனை கருணையா! பஞ்சு அவர் காலில் விழுந்து இன்னும் எழுந்திருக்கவில்லை. அதற்குள் சமையல்கார வாலாம்பாள் காபித் தம்ளரோடு உள்ளே வந்தாள்.

“ஜுரமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம், பூனா கேஸ் முடிஞ்சுடுத்தாம், புரொபஸர் இன்னிக்கு ராத்திரியே வரார்னு தந்தி வந்திருக்கு, நாளையிலேர்ந்து நீங்க உங்க அண்ணாவுக்குப் பதிலா காலேஜுல போய் நிக்க வேண்டாம்!”