உலகின் முதல் குழம்பு

படித்தவர்களுக்கென்று ஒரு வியாதி உண்டு: பதில் தெரிந்த ஆள் பக்கத்திலேயே நின்றாலும் கேட்க மாட்டார்கள். எனக்கு அது முற்றிய நிலையில் இருந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்த்த முதல் ஆள் நான். அதுவும் தொல்லியல் முதுகலை. (சும்மாவா?)

பழவேற்காட்டு ஏரி வற்றிக் கிடந்த ஒரு கோடையில், எங்கள் மீனவக் குப்பத்துக் கரைச் சேற்றில் பாதி உடைந்த மண்சட்டி கிடைத்தது. உள்ளே கன்னங்கரேலென்று ஒரு பொருக்கு. துணியில் பொதிந்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சட்டியின் மண்ணைக் கார்பன் முறையில் கணிக்க முடியாது. அதில் தீய்ந்து ஒட்டிய சோற்றையோ குழம்பையோ கணிக்கலாம். நெல்லோ மீனோ, உயிர் போனதும் அதிலுள்ள கதிரியக்கக் கார்பன் குறைந்துகொண்டே வரும். மிச்சத்தை அளந்தால் வயது.

இதை நைனாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, விளக்கிக்கொண்டிருந்தபோது அவர் சட்டியை நோக்கிக் கையை நீட்டினார்.

"பாப்பா, இது இன்னான்னா..."

"கை வெக்காத நைனா! உன் கை அழுக்கு பட்டா வயசே மாறிடும். படிச்சவ சொல்றேன் இல்ல?"

நைனா வலையைச் சரிபார்க்கப் போய்விட்டார்.

அந்த ஆண்டு எங்கள் துறையிலிருந்து ஒரே ஒரு மாதிரியைத்தான் சோதனைக்கு அனுப்பலாம். பேராசிரியரிடம் மன்றாடி, மற்றவர்களின் கரித்துண்டுகளை ஓரங்கட்டி, என் பொருக்கை அனுப்ப வைத்தேன். என் ஆய்வேடே அதை நம்பித்தான் இருந்தது.

முடிவு வந்தது. கதிரியக்கக் கார்பன் துளியும் இல்லை. வயது ஐம்பதாயிரம் ஆண்டுகளுக்கும் மேல். மனிதன் பானை செய்யவே கற்றிராத காலம். பேராசிரியர் என்னை முறைத்தார். நானோ, உலகின் முதல் குழம்பு எங்கள் குப்பத்தில்தான் கொதித்தது என்று முடிவுகட்டி வீட்டுக்கு ஓடினேன்.

நைனா எல்லாவற்றையும் நிதானமாகக் கேட்டுவிட்டுச் சொன்னார். "அது மரப்படகுக்கு நான் தார் காய்ச்சின சட்டி பாப்பா. நீ ஆறாவது படிக்கசொல்லோ உடைஞ்சிச்சு. தூக்கிப் போட்டேன்."

"அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா?"

"வாயத் தொறந்தேன். கை அழுக்குன்னுட்ட."

தார் என்பது பூமிக்கடியில் கோடிக்கணக்கான ஆண்டுகள் கிடந்த சரக்கு. கருவி பொய் சொல்லவில்லை. ஆய்வேட்டை வேறு தலைப்பில் முதலிலிருந்து எழுதினேன். இன்றும் எந்தப் பானை ஓட்டைக் கொண்டுபோனாலும் பேராசிரியர் கேட்கும் முதல் கேள்வி: "உங்க அப்பாகிட்ட காட்டியாச்சாம்மா?"

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். பொன்னேரி சந்தையில் அம்மாவிடம் மீன் வாங்க வரும் யாராவது செவுளைத் தூக்கிப் பார்த்து, "எப்போ புடிச்ச மீனு?" என்றால், அம்மா என் பக்கம் கையைக் காட்டுகிறாள்.

"காலைல புடிச்சதுதாங்கா. அதோ நிக்குதே, அதாண்ட மட்டும் கேட்டுடாத. அம்பதாயிரம் வருசம்னு சீட்டே எழுதிக் குடுத்துடும்."